உயிரோடு இருப்பதாகத் தீர்மானித்த கூட்டம்

கதிர்,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் என் நலத்தை அறிய நீ இருபத்து மூன்று பேர் கொண்ட வாட்சப் குழு ஒன்றையே தொடங்கிவிட்டபடியால், அதை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். குழுவின் பெயர் ‘அப்பா ஹெல்த்’. அதில் உன் அம்மா இருக்கிறாள், பெம்பானிலிருந்து பார்வதி அத்தையும் கோவிந்தன் மாமாவும் இருக்கிறார்கள், ஜோகூரில் உன்னோடு வேலை செய்கிற, நான் முகமே பார்த்திராத ஒரு நண்பர்கூட இருக்கிறார். நான் இல்லை. நேற்று உன் அம்மா போனை மேசைமேல் வைத்துவிட்டு மீன் கழுவப் போனாள், அப்போதுதான் பார்த்தேன். ‘அப்பாவுக்குத் தலையில் ஆபரேஷன் வேண்டுமா?’ என்று ஓட்டெடுப்பு வைத்திருக்கிறாய். வேண்டும், வேண்டாம், சாமி விட்ட வழி என்று மூன்று பிரிவு. சாமி பத்து ஓட்டு வாங்கி முன்னால் நிற்கிறார். வேண்டாம் என்று போட்டவர்களில் உன் அந்த நண்பரும் ஒருவர். என் தலைமேல் அவருக்கு இருக்கும் அக்கறைக்கு நன்றி சொல்லிவிடு.

முதலில் சிரித்தேன். உன் அம்மா என்ன சிரிப்பு என்று கேட்டபோது சொல்லாமல் மழுப்பினேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்ததற்கு ஸ்கேன் எடுக்கப் போய், விழுந்ததால் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் பட்டாணி அளவுக்கு ஒரு புடைப்பு இருக்கிறது என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். இப்போதைக்கு வெட்ட வேண்டாம், ரத்த அழுத்த மாத்திரை, வருஷம் ஒரு ஸ்கேன், கருவாடு கூடாது என்று அவர் சொன்னதும் தெரியும். அதற்குமேல் ஓட்டெடுக்க எதுவும் இல்லை. ஆனாலும் எடுத்தாய். பழக்கம் உன் ரத்தத்தில் இருக்கிறது, அந்த ரத்தம் என்னுடையது. நம் ஊர் டுரியான் துங்கால் கோயிலில் இருபத்திரண்டு வருஷம் செயலாளராக இருந்தவன் மகன் வேறு என்ன செய்வான்?

நம் குடும்பம் கூட்டம் போடாமல் ஒரு காரியமும் செய்ததில்லை. உன் அத்தை கல்யாணத்தில் கோழியா ஆடா என்பதற்கு மட்டும் மூன்று கூட்டம் நடந்தது. முதல் இரண்டு கூட்டங்களில் போதுமான ஆள் சேரவில்லை. மூன்றாவதில் ஆடு என்று முடிவானபோது கோழிக்காரரிடம் முன்பணம் போய்விட்டது. ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, மற்றவர்கள் கை தூக்க, நான் குறிப்பு எழுத, கடைசியில் நன்றியுரையோடு கலைவோம். கை தூக்கிவிட்டால் உலகமே அதன்படி நடந்துவிடும் என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடு நாங்கள் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கும் போனோம். அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

உன் பெரியப்பா மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்து இறந்தார் என்பதுதான் உனக்குத் தெரிந்த கதை. அப்போது நீ பினாங்கில் கடைசிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். எல்லாம் முடிந்த பிறகுதான் உனக்குப் போன் செய்தோம். அந்த மூன்று நாளில் நடந்ததை இந்த ஒன்பது வருஷமாக யாரும் உனக்குச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று தீர்மானம் எதுவும் போடவில்லை. வெட்கம்தான்.

புக்கிட் ரம்பாயில் தொழிற்சாலை பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது அண்ணன் விழுந்தார். மூளைக்குள் ரத்தக்கசிவு. தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சு இயந்திரம் வைத்தார்கள். மறுநாள் காலை ஒரு மலாய் டாக்டர் பெண் எங்களைத் தனி அறையில் உட்காரவைத்தாள். உன் இப்போதைய வயதுதான் இருக்கும், தூங்காத கண். அவள் மலாயில் சொல்லச் சொல்ல, ஒரு தமிழ் நர்ஸ் எங்களுக்கு விளக்கினாள்.

“அங்கிள், மூளை வேல செய்றது முழுசா நின்னு போச்சின்னு டாக்டருங்க நெனைக்கறாங்க. உறுதிப்படுத்த டெஸ்ட் எடுக்கணும். ரெண்டு டாக்டர் எடுப்பாங்க, கொஞ்ச மணி நேரம் விட்டு மறுபடியும் எடுப்பாங்க. அதுல கடைசியா, மிஷினக் கொஞ்ச நிமிசம் கழட்டிட்டு அவரே மூச்சு விடறாரான்னு பாப்பாங்க. ஆக்சிஜன் போய்க்கிட்டேதான் இருக்கும். செய்யலாமான்னு உங்களக் கேக்கறாங்க.”

கேட்டதுதான் தாமதம், கோவிந்தன் மாமா எழுந்துவிட்டார். பொதுக்கூட்டத்தில் எந்தத் தீர்மானம் வந்தாலும் எழுந்து நிற்கிற மனிதர். முப்பது வருஷம் லோரி ஓட்டியவர், ஆனால் வாதாடுவதைப் பார்த்தால் வக்கீல் தோற்றுப்போவான். “மூச்சு விட முடியாதவருக்குத்தான மிஷின் வச்சிருக்கீங்க? அதக் கழட்டிட்டு விடறாரான்னு பாப்பீங்களா? மலை ஏறிக்கிட்டு இருக்கற லோரிக்கு எஞ்சின ஆஃப் பண்ணிட்டு, ஏறுதான்னு பாக்கற கதையால்ல இருக்கு?” என்றார். இன்றைக்கும் நான் அந்தக் கேள்வியை முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். சோதனையே ஆளைக் கொன்றுவிடுமோ என்கிற பயம் எங்கள் எல்லாருக்கும் இருந்தது. டாக்டர் பொறுமையாக இரண்டாவது தடவையும் விளக்கினாள். நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. எங்களிடம் அனுமதி கேட்டுவிட்டார்கள் என்பது ஒன்றுதான் மண்டையில் ஏறியது. அனுமதி என்று ஒன்று கேட்டால் கூட்டம் போட வேண்டாமா?

போட்டோம். ஆஸ்பத்திரி கேன்டீனில், இரண்டு மேசையை இழுத்துச் சேர்த்து, பன்னிரண்டு பேர். தலைமை கோவிந்தன் மாமா. நான் சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கிற குறிப்புப் புத்தகத்தை எடுத்து, தேதி, நேரம், வந்தவர்கள் பெயர் எல்லாம் எழுதினேன். குடிக்க எட்டு தே தாரேக் டீ, நான்கு கோப்பி ஓ, பால் இல்லாத காப்பி. பார்வதி அத்தை அழுதுகொண்டே முன்மொழிந்தாள்: ‘அண்ணன் அவர்கள் உயிரோடு இருக்கிறார் என்றும், எந்தச் சோதனையும் தேவையில்லை என்றும் இக்கூட்டம் தீர்மானிக்கிறது.’ வழிமொழிந்த உன் ஒன்றுவிட்ட சித்தப்பா, ‘உயிரோடு’ என்பதற்குப் பதிலாக ‘நலமோடு’ என்று போட்டால் இன்னும் பலமாக இருக்கும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அதைப் பற்றிக் கால்மணி நேரம் விவாதம். நலமோடு இருந்தால் ஏன் இங்கே இருக்கிறார் என்று கேன்டீன் அக்கா குவளை எடுக்க வந்தபோது கேட்டதால் திருத்தம் கைவிடப்பட்டது. பிறகு வாக்கெடுப்பு. ஆதரவு பத்து. எதிர்ப்பு ஒன்று, அது உன் அம்மா. “டாக்டருங்க பாத்துச் சொல்லட்டும். நமக்கு என்னா தெரியும்?” என்று மட்டும் சொன்னாள். எல்லாரும் அவளைத் தாலி அறுக்க வந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

பன்னிரண்டில் மீதி ஒன்று நான். செயலாளர் ஓட்டுப் போடுவதில்லை என்று ஒரு விதி சொல்லி, ‘நடுநிலை – 1’ என்று குறித்துக்கொண்டேன். அப்படி ஒரு விதி எங்கும் இல்லை. அந்த நேரத்தில் நானே உண்டாக்கினேன். ஏன் என்று பிற்பாடு ஒருவரிடம் தவிர நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடம்கூட.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அண்ணன் வேலை செய்த தொழிற்சாலையில் உறுப்பு தானத்துக்கு ஒரு கூடாரம் போட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் ஒரு குடை இலவசம். இலவசம் என்றால் அண்ணன் விஷத்துக்கும் வரிசையில் நிற்பார். போட்டுவிட்டுக் குடையோடு வந்து என் காரில் ஏறினார். நான் கிண்டல் செய்தேன்: “ஒரு கொடைக்கு ரெண்டு கிட்னியக் குடுத்துட்டீங்களே.” அவரும் சிரித்தார். புக்கிட் ரம்பாய் சிக்னலில் நிற்கும்போது சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “வெளையாட்டுக்குப் போடல தம்பி. முடிஞ்சி போச்சின்னா முடிஞ்சி போச்சின்னு சொல்லிரணும். இழுத்துக்கிட்டுக் கெடக்கக் கூடாது. எனக்குப் புள்ள இல்ல. நீதான் சொல்லணும்.” சரிண்ணே என்றேன். பச்சை விழுந்தது, போனோம்.

இதை நான் கேன்டீனில் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். பேனா கையில் இருந்ததால் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். தங்கை அழுகிறாள், மச்சான் முறைக்கிறார், இதில் நான் போய் அண்ணன் செத்துப்போக அனுமதி கொடுத்தவன் என்று பெயர் வாங்க வேண்டுமா என்று நினைத்தேன். நல்லவனாக இருக்க ஆசைப்பட்டு அண்ணனுக்குக் கொடுத்த வாக்கை விட்டேன். எத்தனையோ பொய்க் கணக்கைக் கோயிலில் கண்டுபிடித்துக் கேள்வி கேட்டவன் நான். என் குறிப்பில் நானே எழுதிய பொய் அந்த ‘நடுநிலை – 1’.

தீர்மானம் எழுதிய தாளைக் குறிப்புப் புத்தகத்திலிருந்து கிழித்து எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவள் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நர்ஸ் மொழிபெயர்த்தாள். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரைக்கூட விடாமல் மொழிபெயர்த்தாள். டாக்டர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. சரி அங்கிள், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம், இன்னும் யாராவது வர வேண்டுமென்றால் வரட்டும், மறுபடியும் பேசுவோம் என்றாள். வெற்றி என்று நினைத்துக்கொண்டு நாங்கள் மீ கோரேங் சாப்பிடப் போனோம்.

இந்தக் கூட்டத்தில் ஓர் ஆள் குறைந்ததை நீ கவனித்திருப்பாய். நாங்கள் கவனிக்கவில்லை. உன் பெரியம்மாவின் பெயர் வந்தவர்கள் பட்டியலில் இல்லை, வர இயலாதவர்கள் பட்டியலிலும் இல்லை. அவர் உள்ளே அண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வாழ்க்கை முழுக்க அண்ணனைத் திட்டிக்கொண்டே இருந்தவர் என் அண்ணி. குளிக்கப் போனால் தண்ணீர் வீண் என்று திட்டு, குளிக்காவிட்டால் நாற்றம் என்று திட்டு. அண்ணனும் பதிலுக்குப் பேச மாட்டார், முகத்தை ஒரு மாதிரி சுளிப்பார். அதைப் பார்த்து அண்ணி இன்னும் திட்டுவார். அந்த இரண்டு நாளும் நாங்கள் ஒவ்வொருவராக உள்ளே போய், அண்ணே கண்ணத் திறங்க, அண்ணே நாந்தான் வந்திருக்கேன் என்று பேசிக்கொண்டே இருந்தோம். நாங்கள் பார்த்தவரை அண்ணி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணனின் கை நகத்தை வெட்டிவிட்டுக்கொண்டு சும்மா இருந்தார். அண்ணி சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. அதுவே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை அண்ணனின் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போய், மருந்துக்கும் நிற்காமல், பத்து மணி வாக்கில் இதயமும் நின்றது. சோதனை எதுவும் நடக்கவில்லை. சிறுநீரகம், ஈரல் எதையும் கொடுக்க வழியில்லாமல் போனது. எங்கேயோ யாரோ இரண்டு பேர் வாரத்துக்கு மூன்று தடவை ரத்தம் சுத்தம் செய்யப் போய்க்கொண்டிருந்திருப்பார்கள், அவர்களுக்கு எங்கள் தீர்மானம் தெரியாது. அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று வெளியே நின்று நாங்கள் குசுகுசுவென்று பேசினோம். கடைசியில் நான்தான் போனேன். “அண்ணி, மனச தேத்திக்குங்க” என்று ஆரம்பித்தேன்.

“எனக்கு முந்தாநேத்தே தெரியும் தம்பி” என்றார். “ரெண்டு தடவ திட்டிப் பாத்தேன். மூஞ்சி சுளிக்கல. அப்பவே தெரிஞ்சிருச்சி. நீங்கல்லாம் கூட்டம் போட்டுக்கிட்டு இருந்தீங்க. முடியட்டும்னு உக்காந்திருந்தேன்.”

நான் அப்படியே அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். குடை விஷயத்தை அப்போதுதான் சொன்னேன். அவருக்கு அதுவும் தெரிந்திருந்தது. குடை வீட்டுக்குத்தானே போனது! “கண்ணு குடுக்கலாமான்னு கேளுங்க. கண்ணு இப்பவும் எடுக்கலாம்னு அந்த நர்ஸ் பொண்ணு சொல்லுச்சி” என்றார். கேட்டேன். எடுக்கலாம் என்றார்கள். அண்ணி கையெழுத்துப் போட்டார். முன்மொழியவும் இல்லை, வழிமொழியவும் இல்லை, அரை நிமிஷத்தில் முடிந்தது.

வெகுநாள் வரை அந்த டாக்டர்மேல் எனக்குக் கோபம். எங்களிடம் ஏன் கேட்டாள்? ஒரு மனிதன் இறந்துவிட்டானா இல்லையா என்பதை லோரி டிரைவரிடமும் கோயில் செயலாளரிடமும் கேட்பார்களா? படித்தவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டியதுதானே என்று உன் அம்மாவிடம் பொருமுவேன். “கேக்காம செஞ்சிருந்தா சும்மா விட்டிருப்பீங்களா?” என்று அவள் கேட்பாள். விட்டிருக்க மாட்டோம். அண்ணனைக் கொன்றுவிட்டார்கள் என்று வாசலில் நின்று கத்தியிருப்போம், கோவிந்தன் மாமா நோட்டீஸ் அடித்திருப்பார். கேட்டது மரியாதை. மரியாதையை நாங்கள் அதிகாரம் என்று எடுத்துக்கொண்டோம். இரண்டு பக்கமும் நினைத்து நினைத்துப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சோதனை என்ன, எப்படி, எதற்கு என்று சொல்லும் கடமை அவர்களுக்கு உண்டு, கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டு, ஆனால் பதில் நம் கையில் இல்லை. பத்து பேர் கை தூக்கியும் அண்ணன் எழுந்திருக்கவில்லை.

போன வாரம் ஸ்கேன் முடிவு பார்க்கப் போனபோது நம் சீன டாக்டரிடம் இதைக் கேட்டேன். எனக்கு அப்படி ஆனால், சோதனை செய்ய என் மகனிடம் அனுமதி கேட்பீர்களா என்று. அவர் கணினியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். “அங்கிள், உங்களுக்கு இன்னும் ஒண்ணும் ஆகல லா” என்பது போல ஏதோ மலாயில் சொன்னார். நான் விடவில்லை. கடைசியில் சொன்னார்: கண்டிப்பாக வீட்டாரிடம் சொல்வோம், எங்களில் சிலர் கேட்கவும் செய்வோம், வேண்டாம் என்றால் கொஞ்சம் பொறுப்போம், சிலர் கேட்க மாட்டார்கள், இதில் எங்களுக்குள்ளேயே பேச்சு ஓயவில்லை. பிறகு, கருவாட்டை நிறுத்தியாயிற்றா என்று கேட்டார். அதில் நான் நடுநிலை.

அதனால்தான் இந்தக் கடிதம். ஒருவேளை அந்தப் பட்டாணி வெடித்து நானும் அப்படிக் கிடந்தால், டாக்டர் வந்து உன்னிடம் கேட்கலாம். கேட்டால் உனக்கு உடனே போனை எடுத்து ஓட்டெடுப்பு வைக்கத் தோன்றும். வைக்காதே. நான் இப்போதே, நல்ல புத்தியோடு, இரண்டு தோசை சாப்பிட்ட தெம்போடு சொல்லிவிடுகிறேன்: சோதனைக்கு என் சம்மதம் உண்டு. நீ கொடுக்க வேண்டியதில்லை, நான் கொடுத்தாயிற்று. உள்ளே நிற்க விட்டால் நின்று பார். புரியாததைக் கேள், வெட்கப்படாதே, இரண்டு தடவை கேள். அத்தை பெம்பானிலிருந்து வர ஒரு மணி நேரம் வேண்டுமென்றால் அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்கு, தருவார்கள். கோவிந்தன் மாமா லோரி எஞ்சினைப் பற்றிக் கேட்பார். கோபப்படாமல் பக்கத்தில் உட்காரவைத்துப் பதில் சொல், அவருக்கும் பயம்தான். இரண்டாவது சோதனையும் முடிந்துவிட்டது என்று சொன்னால், முடிந்தது. அதன்பிறகு உபயோகப்படுவதை எல்லாம் கொடுத்துவிடு. ஈரலைப் பற்றி மட்டும் நான் உத்தரவாதம் தர முடியாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் உன் அம்மாவிடம் சொல். வெளியே நின்று குசுகுசுக்காதே, மனசைத் தேத்திக்குங்க என்று சுற்றி வளைக்காதே. என் அண்ணியை இரண்டு நாள் காக்கவைத்தது போல அவளைக் காக்கவைக்காதே. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்.

இதுவரை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடப் போனவன், பேனாவை மூடிவிட்டேன். அம்மாவிடம் சொல் என்று உனக்கு நான்கு தாள் எழுதியிருக்கிறேன். அவளிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு நடக்கப்போவதைப் பற்றி அவளைத் தவிர எல்லாரோடும் பேசியிருக்கிறேன், சீன டாக்டர் உட்பட. எழுந்து சமையலறைக்குப் போனேன். அவள் கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் நாற்காலியைப் போட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரை வாசித்துக் காட்டினேன். குடை இடம் வந்தபோது கையை நிறுத்தினாள். “இத அன்னைக்கே சொல்லியிருந்தா நா தனியா கை தூக்கிக்கிட்டு நின்னிருக்க மாட்டேன்ல?” என்றாள். மன்னித்துக்கொள் என்று சொன்னேன். நான் அவளிடம் அப்படிச் சொல்வது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவள் அடுத்த கீரைக் கட்டை எடுத்துப் பிரித்தாள்.

முழுக்க வாசித்து முடித்ததும், கீரைத் தண்டுகளைத் தாளில் மடித்தபடி சொன்னாள்: “கடைசியில எழுதியிருக்கீங்களே, அத மாத்துங்க. டாக்டர மொதல்ல எங்கிட்ட சொல்லச் சொல்லுங்க. நா தாங்குவேன். அவன்தான் தாங்க மாட்டான். நா போயி அவன் பக்கத்துல உக்காந்து சொல்லிக்கறேன்.”

மேலே எழுதியதை அடிக்கவில்லை; அவள் கொண்டுவந்த இந்தத் திருத்தமே செல்லும் என்று மாற்றிவிட்டேன் கதிர்.

அப்பா